உன் வேலையின் மேல் நீயே தண்ணீரை அடி

கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தும், இருக்கையில் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஒரு காரின் கூரையை. 1968 முதல் 1982 வரை அமெரிக்காவில் வந்த மூன்றாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட் காரின் கூரை. கையால் கழற்றலாம், கையால் மாட்டலாம். மாட்டிய பிறகும் மழை வந்தால் பலருக்குத் தொடையில் சொட்டும். "நம்மிடம் இருப்பது ஒரு ஓட்டை மொபெட், இவர் கார்வெட்டுக்கு ரப்பர் பீடிங் ஒட்டச் சொல்லித்தருகிறார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதே. பொறு. இந்த வேலைக்குத் தேவைப்படும் துணிச்சலை நான் எந்தத் தன்னம்பிக்கை மேடையிலும் கண்டதில்லை.

முதலில் அந்தக் கூரை எப்படிப் பிறந்தது என்று கேள். முன் கண்ணாடிச் சட்டம் தொடங்கி இருக்கைக்குப் பின்னால் வரை ஒரே பலகையாகத் தூக்கி எடுத்துவிடலாம் என்றுதான் திட்டமிட்டார்கள். செய்து பார்த்தபோது உடம்பு முறுக்கிக்கொண்டது, முனகியது. நடுவில் ஒரு பட்டையை நிறுத்தினார்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'டி' தெரியும். பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. டி-டாப் என்று பெயர் நிலைத்தது. அது அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அது முட்டு. வளைகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, வளையவில்லை என்று சாதிக்காமல் கொடுத்த முட்டு. அந்தப் பட்டையின் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பலகை இரண்டானது, விளிம்புகள் கூடின, விளிம்பு கூடிய இடமெல்லாம் தண்ணீருக்கு வாசல்.

யோசனை கார்வெட்காரர்களுக்கு முன்பே இருந்தது. கார்டு 810 என்ற புகழ்பெற்ற காரை வடிவமைத்த கோர்டன் பியூரிக், 1948-ல் டாஸ்கோ என்ற வண்டியில் இப்படிக் கழற்றும் கூரையை வைத்தார். 1951-ல் காப்புரிமையும் வாங்கினார். டாஸ்கோ ஒரே ஒரு வண்டியோடு நின்றுபோனது. அந்த ஒற்றை வண்டி இன்றைக்கு இண்டியானா மாநிலத்து ஆபர்ன் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காப்புரிமைக்குப் பிறகு 17 ஆண்டுகள் கழித்து, அவருடைய கூரை ஆயிரக்கணக்கான கார்வெட்களின் தலைமேல் ஏறியது.

ஏறியது சரி, நன்றாக உட்கார்ந்ததா? 1968 மாடல் வந்த புதிதில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை அதைச் சோதனை ஓட்டம் செய்யவே மறுத்தது. கட்டுமானம் அவ்வளவு மோசம், சோதிக்கவே லாயக்கில்லை என்று அச்சில் எழுதியது. அந்த ஆண்டு 28,566 கார்வெட்கள் தயாராயின. அடுத்த ஆண்டு 38,762. மக்கள் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். 'பார்த்தாயா, விமர்சகர்கள் வாயை மூடினார்கள்' என்று இங்கே கைதட்டச் சொல்லும் கட்டுரையாளர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். விற்பனை கூடியதால் எந்த ஒழுகலும் நிற்கவில்லை.

இப்போது இந்த வண்டிகளுக்கு 40, 50 வயதாகிவிட்டது. பலகை விளிம்புகளை அடைக்கும் ரப்பர் பீடிங் செத்துவிட்டது. காற்றிலிருக்கும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதன் மேல்தோலைக் கீறி வெடிக்க வைத்துவிட்டன. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, திரும்பி வருவதில்லை. வண்டியை வாங்கியவன் மழை நாளில் போர்வை போட்டு மூடுகிறான். யாரிடமாவது கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "எல்லா டி-டாப்பும் ஒழுகத்தான் செய்யும், விடுங்க."

இந்த வாக்கியத்தைத்தான் நான் அடிக்க வந்திருக்கிறேன்!

இதைச் சொல்பவனின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். நகக் கண்ணில் பசை ஒட்டியிருக்கிறதா? விரலில் பழைய ஸ்க்ரூ கீறிய தழும்பு உண்டா? ஒருமுறையாவது அந்தப் பலகையைக் கழற்றி, பழைய பீடிங்கை உரித்து, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறானா? பெரும்பாலும் இருக்காது. முயன்று தோற்றவன் 'இந்த மூலையில்தான் எனக்கு வந்தது' என்று இடத்தைக் காட்டுவான். முயலாதவனுக்கு இடம் தெரியாது. அதனால்தான் 'எல்லாம்' என்கிறான். உன் வாழ்க்கையில் 'எல்லாமே இப்படித்தான்' என்று உனக்குப் புத்தி சொன்னவர்களை ஒரு வரிசையில் நிறுத்து. எத்தனை பேருடைய கையில் தழும்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்.

சரி, ரப்பர் எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது? இதைப் புரிந்துகொள்ளாமல் பசை டப்பாவைத் திறக்காதே. பீடிங் ஒரு சுவர் இல்லை. அதன் உள்ளே பொள்ளலாக ஒரு குழல் இருக்கும், அல்லது பஞ்சு போன்ற நுண்துளை ரப்பர் இருக்கும். பலகை வந்து அமுக்கும்போது அது நசுங்குகிறது. நசுங்கிய அடுத்த கணம் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் திருப்பித் தள்ளலில்தான் இடைவெளி அடைபடுகிறது. ரப்பர் தயாரிப்பவர்கள் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டை அமுக்கி, சூட்டில் பல மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு விடுவித்து, எவ்வளவு உயரம் மீளவில்லை என்று அளப்பார்கள். மீளாத பங்கு கூடினால் அந்த ரப்பர் குப்பைக்கு.

'அழுத்தம்தான் மனிதனை உருவாக்குகிறது' என்று மேடையில் முழங்குகிறார்களே, அவர்களை இந்தச் சோதனைச் சாலைக்கு அழைத்து வர வேண்டும். அழுத்தம் யாரையும் உருவாக்குவதில்லை. செத்த ரப்பரும் அதே அழுத்தத்தில்தான் கிடக்கிறது. வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டுதான் கிடக்கிறது. தாங்குவதாலேயே அது சப்பையாகிவிட்டது. நசுக்குகிறவனை நோக்கி எவ்வளவு விசையோடு எழுகிறாய் என்பதுதான் கணக்கு. தாங்கிக்கொண்டே போகாதே. திருப்பித் தள்ளு!

ரப்பருக்கே இந்தக் குணம் சும்மா வரவில்லை. இயற்கை ரப்பர் கோடையில் உருகி ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் இதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினார். கடனுக்காகச் சிறைக்குப் போனார், ஒரு முறை அல்ல. தீர்வு கிடைத்துவிட்டது என்று நம்பி அமெரிக்க அஞ்சல் துறைக்கு ரப்பர் பூசிய தபால் பைகள் செய்தார். செய்த பைகளைச் சூடான அறையில் விட்டுவிட்டு வெளியூர் போய்த் திரும்பி வந்து பார்த்தால், பைகள் பிசுபிசுத்துத் தொங்கின. ஊர் சிரித்தது. 1839-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் தோல் போலக் கருகி இறுகியதைக் கண்டார். தற்செயல் என்கிறார்கள். அதே அடுப்பில் அது வேறொருவர் கையிலிருந்து விழுந்திருந்தால் சுரண்டி எறிந்திருப்பார். அதற்கு அப்புறமும் எந்தச் சூடு, எவ்வளவு நேரம் என்று தேடி, 1844-ல்தான் காப்புரிமை பெற்றார். 1860-ல் பெரும் கடனோடு செத்தார். அவர் பெயர் தாங்கிய டயர் நிறுவனம் 1898-ல் வந்தது. அவருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நம் கட்டுரைகளில் உழைத்தவர்கள் எல்லோரும் கடைசிப் பத்தியில் கோடீஸ்வரர் ஆகிவிடுகிறார்கள். குட்இயர் ஆகவில்லை. ஆனால் தபால் பை உருகியதைப் பார்த்த மனிதர், 'எல்லா ரப்பரும் உருகத்தான் செய்யும்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

இனி கையை நீட்டு. வேலைக்கு வருவோம்.

பலகைகளைக் கழற்றித் துணி விரித்த மேசையில் வை. பழைய பீடிங்கை உரி. சில பட்டைகள் பசையில் நிற்கும், சில உலோகச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு நிற்கும். துருப்பிடித்த ஸ்க்ரூவிடம் ஆத்திரத்தைக் காட்டாதே. துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் விட்டுவிடு. தலை தேய்ந்துபோனால் அதைத் துளைத்து எடுக்கும் வேலை உன் தலையில் விழும். உரித்த பட்டையைத் தூக்கி எறியாதே. எது எங்கே இருந்தது, எந்த முனை முன்னால், எது இடது, எது வலது என்று ஒவ்வொன்றிலும் எழுதி வை. புதியது வந்து சேரும்போது அதுதான் உனக்கு வரைபடம்.

உரித்ததும் பயம் வரும். வரட்டும். பழைய பசை காய்ந்த சீழ் மாதிரி மஞ்சளும் கறுப்புமாய்ப் படிந்திருக்கும். பலர் இங்கேதான் சோம்பல்பட்டு, அதன் மேலேயே புதுப் பசையை அப்பி மூடிவிடுகிறார்கள். மூடாதே! பிளாஸ்டிக் சுரண்டியை எடு, பெயின்டைக் கெடுக்காத கரைப்பானை எடு, சுரண்டு. கார்வெட்டின் வெளி உடம்பு ஃபைபர் கிளாஸ். அதற்குத் துருவே பிடிக்காது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உள்ளே, முன் கண்ணாடியைச் சுற்றியும் கதவைச் சுற்றியும் ஓர் எஃகுக் கூடு இருக்கிறது. 'பேர்ட்கேஜ்', பறவைக் கூண்டு என்பார்கள் அந்த வட்டாரத்தில். கூரையில் சொட்டிய தண்ணீர் தரைவிரிப்போடு நிற்பதில்லை. அந்தக் கூட்டுக்குள் இறங்கி, கண்ணாடித் தூணின் அடியில் தேங்கி, யாருக்கும் தெரியாமல் தின்றுகொண்டிருக்கும். வெளியே பளபளப்பான சிவப்பு. உள்ளே எலும்பு உதிர்கிறது. இந்த வண்டியை வாங்க வருபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் பெயின்டைப் பார்ப்பதில்லை, அந்தக் கூட்டைத்தான் விளக்கு அடித்துப் பார்க்கிறார்கள். நீயும் பார். துரு மேலோட்டமாக இருந்தால் சுரண்டித் துருத்தடுப்புப் பெயின்ட் அடி. ஓட்டை விழுந்திருந்தால் பீடிங் வேலையை நிறுத்து. இது வெல்டிங் தெரிந்தவரிடம் போகவேண்டிய வேலை. தெரியாததைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதில் உன் கவுரவம் ஒன்றும் குறையாது. பார்க்காமலே மூடுவதில்தான் குறையும்.

புதுப் பீடிங் வந்துவிட்டது. இன்றைக்கு நல்லவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் வருகின்றன. ஓசோனுக்கும் வெயிலுக்கும் பழையவற்றைவிட நன்றாக நிற்கும். பெட்டிக்குள் மடங்கிக் கிடந்ததால், சுருட்டி வைத்த பாயைப் போல நீட்டினாலும் சுருளும். வெயிலிலோ கதகதப்பான அறையிலோ ஒரு நாள் நீளமாகப் போட்டு வை. அதன் பிடிவாதம் போகட்டும்.

அடுத்ததுதான் முக்கியம், அடுத்ததில்தான் அவசரக்காரன் சாகிறான். பசை இல்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பார். முழுவதும். இரண்டு பலகைகளையும் மாட்டி, கொக்கியை இழுத்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிப் பார். எங்கே நீளம், எங்கே குட்டை, எந்த மூலை தூக்குகிறது என்று பார்த்து, மறைப்பு டேப்பில் குறித்து வை. ஏனென்றால் இதற்குப் போடும் பசை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கை வைத்தால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து சேர்ப்பது. சேர்த்த கணத்தில் பிடித்துக்கொள்ளும். 'கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்' என்பது நடக்காது. அந்த ஒரு நொடியில் உன் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்றால், அதற்கு முன்னால் பத்து முறை பசையில்லாமல் அதே இடத்தில் அதே பட்டையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும், என்னால் முடியும்' என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். சொல்லிக்கொள், வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. ஆனால் நாக்குக்குத் தெரிந்தது விரலுக்குப் போய்ச் சேராது. விரல் தனியாகப் பழகவேண்டும்.

ஒட்டும்போது இழுக்காதே. இதை எழுதும்போதே எனக்குக் குரல் உயர்கிறது. இழுக்காதே! கொஞ்சம் குறைகிறதே என்று ரப்பரை இழுத்து மூலைக்குக் கொண்டுவந்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். இழுபட்ட ரப்பர் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். நாளாக நாளாகச் சுருங்கும், மூலையில் ஓர் இடைவெளி திறக்கும், அந்த இடைவெளி வழியாக முதல் மழை உன் மடியில் இறங்கும். ஒரு நூல் நீளமாகவே விட்டு, உள்நோக்கித் தள்ளித் தள்ளி ஒட்டு. இழுத்துப் பிடித்து எட்டிய எந்த உயரமும் சுருங்கும். எனக்குத் தெரிந்து தன்னை அப்படி இழுத்துக் காட்டி, நேர்முகத் தேர்வில் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்தவர்கள், முதல் வாரம் முழுக்க மூலையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முதல் முறை கொக்கி எளிதில் விழாது, கதவு ஓங்கிச் சாத்தச் சொல்லும். புது ரப்பர் தடிமன், அப்படித்தான் இருக்கும். பயந்து ரப்பரைச் சீவாதே. கொக்கிக்குச் சரிசெய்யும் வசதி உண்டு, கதவுக்கும் உண்டு. அளவாகத் தளர்த்தி, மாட்டி, சில நாள் அப்படியே விட்டால் அது தன் இடத்துக்கு இறங்கும். இறங்கிய பிறகு ஒரு காகித நோட்டை எடு. அமெரிக்காவில் டாலர் நோட்டைத்தான் எடுப்பார்கள். கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடி, இழு. பிடித்துக்கொண்டு மெல்ல வந்தால் நல்லது. வழுக்கி வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. சந்தேகமாக இருந்தால் பீடிங் மேல் சாக்பீஸைத் தேய்த்து, மூடித் திற. கண்ணாடியில் பதிந்த வெள்ளைக் கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே ரப்பர் தொடவே இல்லை.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வண்டியைத் துடைத்து, படம் எடுத்து, நாலு பேருக்குக் காட்டிவிட்டு, வானத்தில் மேகம் கறுத்தால் வீட்டுக்குள் ஓட்டிவந்து நிறுத்திக்கொள்கிறார்கள். வேலை முடிந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஏன் வரவில்லை தெரியுமா? சோதிக்கவில்லை. ஒழுகாது என்று நம்புவது தன்னம்பிக்கை என்று உனக்கு யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கே ஒழுகும் என்று பார்க்கத் தானே குழாயை எடுப்பவனிடம்தான் அது இருக்கிறது. பரீட்சை எழுதுமுன் பழைய கேள்வித்தாளை நேரம் வைத்து எழுதிப் பார்க்காத மாணவன், கடை திறக்குமுன் தன் சமையலைக் காரசாரமாகக் குறை சொல்லும் அத்தைக்குப் பரிமாறிப் பார்க்காத பெண், எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்காத கவிஞர், இவர்கள் எல்லோரும் கறுத்த மேகத்துக்குப் பயந்து வண்டியை உள்ளே நிறுத்தியவர்கள்தான். கை ஆணுடையதா பெண்ணுடையதா, படித்ததா படிக்காததா என்று ரப்பருக்குத் தெரியாது. தண்ணீருக்கும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், மனிதர்களின் தீர்ப்புக்குக் காத்திராதே, தண்ணீரிடம் போ. அதற்கு உன் மேல் பகையும் இல்லை, கருணையும் இல்லை.

முறை இருக்கிறது. அழுத்தத்தில் பீய்ச்சும் வாஷர் வேண்டாம். அது நல்ல பீடிங்கையும் ஏமாற்றி உள்ளே புகும். சாதாரண ரப்பர் குழாய், மெதுவான நீர். கீழிருந்து தொடங்கு. கதவுக் கண்ணாடியின் அடி, பிறகு தூண், பிறகு முன் சட்டம், கடைசியாக நடுப்பட்டை. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நில்.

ஒழுகும். முதல் முறையே சொட்டுகூட வராதவர்கள் இருக்கிறார்கள். நீ அவர்களில் ஒருவனாக இல்லாவிட்டால் முகத்தைத் தொங்கப்போடாதே. பெரும்பாலும் அது முன் மூலையாக இருக்கும்: கண்ணாடித் தூணின் பட்டை, முன் சட்டத்துப் பட்டை, பலகையின் பட்டை மூன்றும் கூடுகிற இடம். உடனே டியூபில் இருக்கும் சிலிக்கானைப் பிதுக்கி அடைக்காதே. முதலில் கதவுக் கண்ணாடியைப் பார். இந்த வண்டியில் கண்ணாடிக்கு மேல் சட்டம் கிடையாது. அது நேராக ஏறி வந்து பீடிங்கில் சாய வேண்டும். பல நேரம் குற்றம் ரப்பரில் இருக்காது, போதுமான அளவு உள்ளே சாயாத கண்ணாடியில் இருக்கும். கதவின் உள்பலகையைக் கழற்று, போல்ட்டுகளைத் தளர்த்து, ஒரு மயிரிழை உள்ளே சாய்த்து இறுக்கு. நோட்டை வைத்து இழுத்துப் பார். அதற்குப் பிறகும் மூன்று பட்டைகள் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தால், அப்போது எடு சிலிக்கானை, ஒரு பொட்டு. பிறகு பீடிங் முழுவதும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவு. பெட்ரோலிய எண்ணெய், வாஸ்லின் எதுவும் வேண்டாம். ஈபிடிஎம் அதில் ஊறி உப்பிவிடும்.

எல்லாம் முடிந்ததா? இப்போது உள்ளே ஓர் ஆள் வேண்டும், சொட்டு எங்கே விழுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல. நல்லவேளை, உனக்கு ஆள் தேடும் சிரமம் இல்லை. "எல்லா டி-டாப்பும் ஒழுகத்தான் செய்யும், விடுங்க" என்றாரே, அவரைக் கூப்பிடு. சலவைச் சட்டையோடு வந்தாலும் பரவாயில்லை. உள்ளே உட்கார வை, கையில் டார்ச்சைக் கொடு, கதவைச் சாத்து, குழாயைத் திற.